பார்த்த முகம், பெயர் வரவில்லை: ஆங்கிலச் சொல்வளம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலச் செய்தியைப் படித்தால் ஓரளவு புரிகிறது, நாலு வரி தப்பில்லாமல் எழுதிவிட முடிகிறது, ஆனால் அதற்கு மேல் நகர மாட்டேன் என்கிறது. இந்த இடத்தில் நிற்பவர்களுக்காக எழுதியது இது. ஐரோப்பிய கவுன்சில் 2001ல் வெளியிட்ட மொழித்திறன் அளவுகோலில் இதை பி1, பி2 நிலை என்கிறார்கள். படிப்பதற்கு வசதியாக ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். உங்கள் நோட்டில் அப்படி எழுதாதீர்கள். காரணம் உச்சரிப்புக் கேள்வியில் வரும்.

படித்தால் புரிகிறது. பேசும்போது மட்டும் சொல் வாயில் வருவதில்லையே, ஏன்?

தெருவில் ஒருவர் எதிரே வருகிறார். பார்த்த முகம்தான், சிரித்துவிட்டும் போகிறோம். பெயர் என்ன என்று யாராவது கேட்டால் விழிப்போம். பாதி தெரிந்த சொல்லும் அப்படித்தான். படிக்கும்போது அதுவாக நம் முன்னால் வந்து நிற்கிறது, அடையாளம் தெரிந்தால் போதும். பேசும்போது நாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் வரும்.

இடைநிலையில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்குச் சொல் பஞ்சம் கிடையாது. பாதி தெரிந்த சொற்கள் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. புதிதாக ஐம்பதைச் சேர்ப்பதைவிட, பாதி தெரிந்த ஐந்தை முழுசாக்குவதில்தான் லாபம் என்பது என் கட்சி. கீழே வரும் பல பதில்கள் இதையேதான் சுற்றி வரும்.

உங்கள் பாதிச் சொற்களைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. நன்றாகப் புரிந்த ஒரு பக்கத்தைப் படித்து, மூடி வைத்துவிட்டு, அதன் சாரத்தை ஐந்து வாக்கியத்தில் ஆங்கிலத்தில் எழுதுங்கள். பிறகு பக்கத்தைத் திறந்து ஒப்பிடுங்கள். அங்கே 'ரிலக்டன்ட்' என்று இருந்ததை நீங்கள் 'நாட் வெரி ஹாப்பி' என்று எழுதியிருப்பீர்கள். 'ஷார்ட்டேஜ்' இருந்த இடத்தில் 'நாட் இனஃப்' இருக்கும். குட், திங், வெரி, ப்ராப்ளம் எங்கெல்லாம் விழுந்திருக்கின்றனவோ, அங்கெல்லாம் தெரிந்தும் வராத சொல் ஒன்று ஒளிந்திருக்கிறது.

மொத்தம் எத்தனை சொல் தெரிந்திருக்க வேண்டும்?

இதை எண்ணிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். டிசைட், டிசைட்ஸ், டிசைடட் போன்ற வடிவங்களையும், அதிலிருந்து கிளைக்கும் சொற்களையும் ஒரே சொற்குடும்பமாக வைத்து எண்ணுவது வழக்கம். மொழியியலாளர் பால் நேஷன் 2006ல் செய்த கணக்கின்படி, நாவலையும் நாளிதழையும் பிறர் உதவி இல்லாமல் படிக்க 8000 முதல் 9000 குடும்பங்கள் வேண்டும். பேச்சைப் புரிந்துகொள்ள 6000 முதல் 7000. இது 98 சதவீதச் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்ற அளவை வைத்துப் போட்ட கணக்கு. அதாவது ஐம்பது சொல்லுக்கு ஒன்று மட்டும் தெரியாமல் இருக்கலாம்.

எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். எந்த மொழியிலும் கொஞ்சம் சொற்களே திரும்பத் திரும்ப வந்து பெரும்பகுதி வேலையைச் செய்துவிடும். மைக்கேல் வெஸ்ட் 1953ல் வெளியிட்ட பொதுச் சொற்பட்டியலில் இருந்தவை சுமார் 2000 தான். சாதாரண எழுத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் அந்த அளவுக்குள் அடங்கிவிடுகிறது. உங்களுக்கு அவை எல்லாமே தெரிந்த முகங்கள். எத்தனைக்குப் பெயர் தெரியும் என்பதுதான் கேள்வி.

தினமும் இருபது சொல் மனப்பாடம் செய்கிறேன். ஒரு வாரத்தில் பாதி மறந்துபோகிறது. எனக்கு ஞாபகசக்தி குறைவா?

இல்லை. எல்லோருக்கும் இப்படித்தான். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பொருளே இல்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885ல் வெளியிட்டார். மறதி முதலில் மடமடவென்று இறங்கும், பிறகு நிதானமாகும். இடைவெளி விட்டுத் திரும்பப் பார்த்தால் அந்தச் சரிவு தணிகிறது.

ஆனால் 'திரும்பப் பார்ப்பது' என்பதில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். நோட்டைத் திறந்து வரிசையாகப் படிக்கிறார்கள். எல்லாமே தெரிந்தது போல இருக்கிறது, மூடி வைக்கிறார்கள். கார்பிக், ரோடிகர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2008ல் ஒரு சோதனை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களுக்கு 40 ஸ்வாஹிலிச் சொற்களும் அவற்றின் ஆங்கில அர்த்தமும் தரப்பட்டன. ஒரு சொல்லைச் சரியாகச் சொன்ன பிறகும் அதை மறுபடி மறுபடி நினைவிலிருந்து சொல்ல வைக்கப்பட்டவர்கள், ஒரு வாரம் கழித்து 80 சதவீதம் நினைவில் வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு படிக்க மட்டும் விட்டு, கேட்பதை நிறுத்திக்கொண்ட குழுவுக்கு நினைவிருந்தது 36 சதவீதம். ஆகவே அர்த்தத்தைக் கையால் மறைத்துக்கொண்டு கேட்டுக்கொள்ளுங்கள். இன்னும் நல்லது, அர்த்தத்தைப் பார்த்துச் சொல்லை வரவழைப்பது. வராமல் திணறும் அந்த ஐந்து விநாடி வீண் இல்லை, பாடம் அங்கேதான் நடக்கிறது.

இடைவெளிக்குப் பழைய, எளிய ஏற்பாடு ஒன்று உண்டு. செபாஸ்டியன் லைட்னர் 1972ல் பிரபலப்படுத்திய பெட்டி முறை. சிறு அட்டைகளில் சொற்களை எழுதி முதல் பெட்டியில் போடுங்கள். சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும், தப்பினால் மறுபடி முதல் பெட்டிக்கே வரும். முதல் பெட்டியைத் தினமும், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரம் ஒருமுறை பார்த்தால் போதும்.

அப்புறம், இருபது வேண்டாம். ஐந்து போதும்.

எந்தச் சொல்லைப் படிப்பது, எதை விடுவது?

கண்ணில் பட்ட எல்லாவற்றையும் எழுதி வைப்பவர்கள் ஒரு மாதத்தில் நோட்டையே வெறுத்துவிடுவார்கள். நான் பார்ப்பது இரண்டே விஷயம். வெவ்வேறு இடத்தில் மூன்று தடவை எதிர்ப்பட்டதா? எனக்குச் சொல்ல வேண்டிய ஏதோ ஒன்றுக்கு அது உதவுமா? இரண்டுக்கும் இல்லை என்றால் விட்டுவிடுவேன். அவசியமான சொல் என்றால் அது நம்மை விடாது, மறுபடி வந்து நிற்கும்.

மேற்படிப்புக்காக ஆங்கிலம் படிப்பவர்களுக்கு மட்டும் ஒரு பட்டியலைச் சொல்வேன். அவெரில் காக்ஸ்ஹெட் 2000ல் தொகுத்த கல்வித்துறைச் சொற்பட்டியல். மொத்தம் 570 குடும்பங்கள்தான், ஆனால் பாடநூல், ஆய்வுக்கட்டுரை போன்ற எழுத்தில் சுமார் 10 சதவீதம் அவையே.

ஒரு சொல்லை 'முழுசாகத் தெரியும்' என்றால் என்ன? ஓர் உதாரணம் காட்ட முடியுமா?

'ரெய்ஸ்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். அர்த்தம் கேட்டால் 'உயர்த்து' என்று எல்லோரும் சொல்லிவிடுவோம். அது முகம் தெரிந்த அளவுதான்.

இனி கூட யார் யார் வருகிறார்கள் என்று பாருங்கள். 'ரெய்ஸ் யுவர் ஹேண்ட்' என்றால் கையைத் தூக்கு. 'ரெய்ஸ் எ க்வெஸ்சன்' கேள்வி எழுப்பு. 'ரெய்ஸ் சில்ட்ரன்' பிள்ளைகளை வளர். 'ரெய்ஸ் மணி' நிதி திரட்டு. 'ரெய்ஸ் யுவர் வாய்ஸ்' குரலை உயர்த்து. அங்கே ஒரே சொல் செய்யும் வேலையை இங்கே ஐந்து வினைச்சொற்கள் பங்குபோட்டுக்கொள்கின்றன. 'உயர்த்து' என்று மட்டும் எழுதி வைத்தவருக்கு, நிதி திரட்டுவதைப் பற்றிப் பேசும்போது இந்தச் சொல் நினைவுக்கே வராது.

அடுத்தது இலக்கணம். 'ரெய்ஸ்' பக்கத்தில் 'ரைஸ்' என்று ஒரு சொல் இருந்து குழப்பும். நமக்கு இது பள்ளியில் படித்த தன்வினை, பிறவினைதான். விலை உயர்ந்தது என்றால் ரைஸ், விலையை உயர்த்தினார்கள் என்றால் ரெய்ஸ். திருந்தினான், திருத்தினான் போல. ஆங்கிலத்தில் இப்படிப்பட்ட ஜோடிகள் கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கின்றன. மரம் விழுந்தால் ஃபால், மரத்தை வீழ்த்தினால் ஃபெல். கிடப்பது லை, கிடத்துவது லே. இந்தக் கடைசி ஜோடியில் 'லை'யின் இறந்தகாலமும் 'லே' என்றே வருவதால், ஆங்கிலம் தாய்மொழியானவர்களே தடுக்கி விழுவார்கள். நாம் விழுந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கூட வரும் சொற்கள், இலக்கணம், எந்த இடத்தில் பொருந்தும் என்ற உணர்வு, ஒலி. இவ்வளவும் சேர்ந்தால்தான் பெயர் தெரிந்த ஆள்.

கூட வரும் சொற்களுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

தமிழில் மழை பெய்கிறது, காற்று வீசுகிறது, வெயில் அடிக்கிறது. தமிழ் கற்கும் ஒருவர் 'மழை வீசுகிறது' என்று சொன்னால் நமக்குப் புரியும், ஆனால் காதில் உறுத்தும். ஏன் தப்பு என்று கேட்டால் விளக்கம் சொல்ல முடியாது, அப்படிச் சொல்வதில்லை, அவ்வளவுதான். இதே உறுத்தலை நாம் ஆங்கிலத்தில் தினமும் உண்டாக்குகிறோம். மாத்திரை சாப்பிட்டேன் என்பதற்கு 'ஈட்' போடுகிறோம், அங்கே 'டேக்'. கனவு கண்டேன் என்பதற்கு 'சீ' போடுகிறோம், அங்கே 'ஹேவ்'. தப்பு பண்ணினேன் என்பதற்கு 'டூ' வராது, 'மேக்'. லைட் போடு என்றால் 'புட்' இல்லை, 'டர்ன் ஆன்'.

அதனால் தனிச்சொல்லை எழுதாதீர்கள். 'மிஸ்டேக்' என்று எழுதுவதற்குப் பதில் 'மேக் எ மிஸ்டேக்' என்று ஜோடியாகவே எழுதுங்கள். எழுதும் நேரம் ஒன்றுதான்.

தமிழ் அர்த்தம் எழுதிக்கொள்ளலாமா? ஆங்கிலத்திலேயே யோசிக்கச் சொல்கிறார்களே?

தாராளமாக எழுதலாம். தாய்மொழியைக் கதவுக்கு வெளியே நிறுத்தச் சொல்லும் அறிவுரையில் எனக்கு உடன்பாடு இல்லை. 'டிராகன்ஃப்ளை'க்கு அரைப்பக்க ஆங்கில விளக்கம் படிப்பதைவிடத் 'தும்பி' என்று எழுதுவது நல்லது.

ஆனால் ஒற்றைச் சொல்லுக்கு ஒற்றைச் சொல் என்று எழுதுவதில் ஆபத்து உண்டு. 'கேள்' என்ற வினையையே பாருங்கள். பாட்டு கேட்டேன் என்றால் லிசன். சத்தம் கேட்டது என்றால் ஹியர். வழி கேட்டேன் என்றால் ஆஸ்க். சொன்னால் கேட்க மாட்டான் என்றால் ஒபே. 'ஹியர் = கேள்' என்று மட்டும் நோட்டில் இருந்தால், யாரிடமாவது வழியை 'ஹியர்' செய்யப் போவோம். வாக்கியத்துக்கு வாக்கியம் எழுதிவிட்டால் இந்தச் சிக்கல் வராது.

இடைநிலைக்கு வந்தபின் கற்போருக்கான ஆங்கில அகராதிக்கும் பழகிக்கொள்ளுங்கள். 1978ல் வந்த லாங்மன் கற்போர் அகராதி, எல்லாச் சொற்களுக்குமான விளக்கத்தைச் சுமார் 2000 எளிய சொற்களுக்குள்ளேயே எழுதிக் காட்டியது. அந்த 2000 உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

தமிழில் புழங்கும் ஆங்கிலச் சொற்கள் நமக்கு உதவுமா?

உதவும், காலையும் வாரும். 'டென்ஷன்' நம் பேச்சில் மனிதருக்கு வருவது. 'ஐ ஆம் டென்ஷன்' என்று ஆங்கிலத்தில் சொல்ல முடியாது, 'டென்ஸ்' அல்லது 'ஸ்ட்ரெஸ்ட்' என்று சொல்ல வேண்டும். 'கரண்ட் போய்விட்டது' என்பதற்கு அங்கே 'பவர்'தான் போகும். விசேஷத்தை 'ஃபங்ஷன்' என்பது ஆங்கிலத்திலும் உண்டு, ஆனால் கொஞ்சம் விறைப்பான பேச்சு. அந்தச் சொல் அதிகமாக வருவது செயல்பாடு என்ற பொருளில்.

நான் மாட்டிக்கொண்டது 'டவுட்'டில். ஒரு கூட்டத்தில் விளக்கம் தந்துகொண்டிருந்தவரை நிறுத்தி 'ஐ ஹேவ் எ டவுட்' என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. தான் சொன்னதை நான் நம்பவில்லை என்று எடுத்துக்கொண்டு, பத்து நிமிஷம் ஆதாரமாக அடுக்கினார். நான் கேட்க நினைத்தது, அந்தப் படத்தில் சிவப்புக் கோடு எதைக் குறிக்கிறது என்பது மட்டும்தான். 'ஐ ஹேவ் எ க்வெஸ்சன்' என்றிருந்தால் எல்லோரும் சீக்கிரம் எழுந்து போயிருப்போம்.

பெரிய பெரிய சொற்களைப் போட்டால்தான் மதிப்பா?

'வீட்டுக்குப் போகிறேன்' என்பதை 'இல்லத்திற்கு ஏகுகிறேன்' என்று சொன்னால் மதிப்பு கூடுமா, சிரிப்பு வருமா? ஆங்கிலத்திலும் இப்படி அடுக்குகள் உண்டு. 1066ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின் ஆள்வோர் பேச்சு பிரெஞ்சாகவும், திருச்சபையின், படித்தவர்களின் எழுத்து லத்தீனாகவும் இருந்தது. அதனால் ஒரே கருத்துக்கு மூன்று சொல் தங்கிவிட்டது. 'ஆஸ்க்' பழைய ஆங்கிலம், சாதாரணமாகக் கேட்பது. 'க்வெஸ்சன்' பிரெஞ்சு வழி வந்தது, துருவிக் கேட்பது. 'இன்டராகேட்' லத்தீன், விசாரணை அறை. நண்பரிடம் நேரம் கேட்டதை இன்டராகேட் என்று எழுதினால், நண்பர் கைதாகிவிட்டார் என்று படிப்பவர் நினைப்பார்.

'பை' இருக்கும்போது 'பர்ச்சேஸ்' எதற்கு, 'பிகின்' இருக்கும்போது 'கமென்ஸ்' எதற்கு? ஒப்பந்தத்தில் வரும்போது புரிந்தால் போதும். எல்லாச் சொல்லையும் வாய்க்குக் கொண்டுவர வேண்டியதில்லை.

ஃப்ரேசல் வெர்ப் மட்டும் மண்டையில் ஏறவே மாட்டேன் என்கிறதே?

வினையோடு ஒரு குட்டிச் சொல் சேர்ந்து புதுப்பொருள் தருவதுதான் ஃப்ரேசல் வெர்ப். தமிழில் நாம் இதையே செய்கிறோம் என்பதை மறந்துவிடுகிறோம். 'விட்டுக்கொடு' என்பதில் விடுவதும் கொடுப்பதும் தனித்தனியாகத் தெரிகின்றனவா? 'பார்த்துக்கொள்' என்றால் கண்ணால் பார்ப்பது மட்டுமா? 'லுக்' என்றால் பார், 'லுக் ஆஃப்டர்' என்றால் பார்த்துக்கொள். நம் துணைவினை செய்யும் மாயத்தை அங்கே ஆஃப்டர், அப், ஆஃப் போன்ற குட்டிச் சொற்கள் செய்கின்றன.

'புட் ஆஃப், புட் அவுட், புட் அப் வித்' என்று ஒரே நாளில் வரிசையாகப் படிப்பதுதான் தப்பு. ஒரே மாதிரி இருப்பதால் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். இந்த வாரம் 'புட் ஆஃப்', அதாவது தள்ளிப்போடுவது. நீங்கள் நிஜமாகத் தள்ளிப்போட்ட மூன்று காரியங்களை அதை வைத்து எழுதுங்கள். சரக்குக்கு யாருக்கும் குறை இருக்காது.

லத்தீன் வேர்களைப் படித்தால் ஒரே அடியில் நூறு சொல் தெரிந்துவிடுமாமே?

கொஞ்சம் உதவும். 'ஸ்பெக்ட்' என்றால் பார்ப்பது என்று தெரிந்தால் இன்ஸ்பெக்ட், ஸ்பெக்டேட்டர் சுலபம். ரெஸ்பெக்ட் வரை கொஞ்சம் கற்பனையோடு இழுக்கலாம். ஆனால் 'இன்' என்றால் 'இல்லை' என்று படித்தவர், 'இன்ஃப்ளேமபிள்' என்று எழுதிய டப்பாவின் பக்கத்தில் தீக்குச்சி உரசக் கூடாது. அது எளிதில் தீப்பிடிக்கும் என்றே பொருள். வேரைப் படித்த சொல்லை நினைவில் வைக்கப் பயன்படுத்துங்கள், தெரியாத சொல்லுக்கு ஜோசியம் பார்க்க வேண்டாம்.

படிக்கும்போது தெரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதி பார்க்கணுமா?

வேண்டாம். முதல் தடவை நிறுத்தாமல் ஓடுங்கள். சுற்றியுள்ள வாக்கியங்களே பாதி சொல்லிவிடும். 'கையெழுத்துப் போட அவர் ரிலக்டன்டாக இருந்தார், பேனாவை வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார்' என்று வந்தால், தயக்கம் என்று பிடிபட்டுவிடும். ஆனால் இந்த ஊகம் வேலை செய்ய மற்ற சொற்கள் தெரிந்திருக்க வேண்டும். ஒரு பக்கத்தில் ஏழெட்டுச் சொல்லுக்கு மேல் இடறினால் அந்தப் புத்தகம் இப்போதைக்குக் கனம். கீழே வைத்துவிட்டு லேசானதை எடுங்கள், கௌரவம் பார்க்க வேண்டாம்.

சினிமா, தொடர் பார்த்தால் வருமா?

வரும், எழுத்து வரிகள் ஆங்கிலத்தில் ஓடினால். தமிழில் ஓடினால் கண் தமிழைப் படிக்கும், காது ஓய்வெடுத்துக்கொள்ளும்.

எந்த ஆப் நல்லது?

மேலே சொன்ன லைட்னர் பெட்டியைக் கணினி கணக்கோடு செய்வதுதான் பெரும்பாலான ஆப்களின் வேலை. 2006 முதல் இருக்கும் 'ஆங்கி' போதுமானது. பெயர் ஜப்பானிய மொழியில் மனப்பாடம் என்று பொருள்படும். ஒரு நிபந்தனை மட்டும்: பிறர் தயாரித்த ஐயாயிரம் அட்டையை இறக்காதீர்கள். நீங்கள் சந்தித்த வாக்கியத்தோடு நீங்களே போடும் அட்டைதான் ஒட்டும்.

உச்சரிப்பைத் தமிழில் எழுதி வைத்துக்கொண்டால் என்ன?

நம் 'ப' ஆங்கிலத்தின் இரண்டு ஒலிகளுக்கு நிற்கும். 'க'வும் அப்படியே. 'பேக்' என்று எழுதினால் அது பையா, பொட்டலம் கட்டுவதா, முதுகா என்று ஒரு வாரம் கழித்து உங்களுக்கே தெரியாது. கடனைக் குறிக்கும் 'டெட்'டில் எழுதும்போது ஒரு 'பி' உண்டு, ஒலிக்காது. லத்தீன் மூலத்தைக் காட்டுவதற்காகப் படித்தவர்கள் பிற்காலத்தில் நுழைத்த எழுத்து அது. எழுத்தும் ஒலியும் இப்படி வேறு வேறு வழி போவதால், ஆங்கில எழுத்தில் எழுதி, அகராதியின் ஒலியைக் கேட்டு, வாய்விட்டுச் சொல்லுங்கள். எந்த அசையை அழுத்த வேண்டும் என்று அடிக்கோடு போடுங்கள். 'ரெக்கார்ட்' என்பது பெயர்ச்சொல்லானால் முதல் அசையிலும் வினையானால் இரண்டாவதிலும் அழுத்தம் விழும். தமிழில் இந்த வழக்கம் இல்லாததால் நம் காது அதைத் தானாகப் பிடிக்காது.

நோட்டில் எழுதிய சொல்லை எப்போது அடித்துவிடலாம்?

பயிற்சிக்காக இல்லாமல், சொல்ல வேண்டி வந்ததற்காக மூன்று தடவை அது தானாக வந்திருந்தால் அடித்துவிடலாம். எழுத்தில் ஒரு தடவையாவது, பேச்சில் ஒரு தடவையாவது. என் நோட்டில் 'ரிலக்டன்ட்' இன்னும் அடிபடவில்லை. எழுத்தில் சுலபமாக வருகிறது. பேச்சில் இதுவரை ஒருமுறைதான், அதுவும் கொஞ்சம் தயங்கித்தான்.